பொய் சொன்னது போதும், பிள்ளைகளோடு வாருங்கள்

திருப்பூர், செப்டம்பர் 2021

தோழர்களே, அக்கா தங்கைகளே,

போன திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குக் கம்பெனி கேட்டில் நின்றிருந்தேன். புதிதாகச் சேர வந்த ஒரு பெண்ணிடம் சூப்பர்வைசர் கேட்டார்: "கொழந்தைங்க இருக்குதா? யாரு பாத்துக்குவாங்க?" அவள் கண் இமைக்காமல் சொன்னாள்: "மாமியார் பாத்துக்குவாங்க சார்." அவளுடைய மாமியார் பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். குழந்தைகள் இரண்டும் எங்கள் லைன் வீட்டு வரிசையில், நான்காவது கதவுக்குப் பின்னால், டிவியைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தன. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்படிச் சொல்லச் சொல்லி முந்தின நாள் இரவு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

பதினோரு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். இந்தப் பொய்யை எனக்கு ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தார். நான் நாலு பேருக்காவது சொல்லிக்கொடுத்திருப்பேன். பிள்ளை இருப்பது தெரிந்தால் வேலை கிடைக்காது; கிடைத்தாலும் நிலைக்காது. அதனால் கேட்டுக்கு வெளியிலேயே பிள்ளைகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம். இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். அந்தப் பொய்யை நாம் எல்லோரும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். ஒருத்தி நிறுத்தினால் அவளை அனுப்பிவிடுவார்கள். ஒரு தெருவே நிறுத்தினால் என்ன செய்வார்கள்?

நிலைமை என்னவென்று உங்களுக்குத் தெரியும். மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று வந்தபோது ஊர் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. ஜூன் மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். இப்போது ஆர்டர் குவிந்து கிடக்கிறது, ஷிப்மெண்ட் தேதி நெருக்குகிறது, கம்பெனி முழு ஆளோடு ஓடுகிறது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறோம். ஆனால் நம் பிள்ளைகள் போக வேண்டிய இடங்கள் மட்டும் இன்னும் திறக்கவில்லை. 9-ம் வகுப்பிலிருந்து 12 வரைக்கும் இந்த மாதம் 1-ம் தேதி பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஒன்றாவதிலிருந்து எட்டாவது வரை 2020 மார்ச்சில் போட்ட பூட்டு அப்படியே தொங்குகிறது. எப்போது திறப்பார்கள் என்று தேதி வரவில்லை. அங்கன்வாடியில் சுடுசோறு போடுகிறார்கள், நல்லது. ஆனால் சாப்பிட்டதும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் அந்தச் சோறு. தனியாக விட்டாலும் பரவாயில்லை என்ற வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. தனியாக விடவே கூடாத பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.

என் வீட்டில் இரண்டு பேர். பெரியவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. சின்னவனுக்கு நாலு. மகளிடம் ஒரு பழைய பட்டன் போன் கொடுத்திருக்கிறேன். எங்களுக்குள் ஒரு கணக்கு: ஒரு மிஸ்டு கால் என்றால் நன்றாக இருக்கிறோம், இரண்டு என்றால் ஏதோ சரியில்லை. ஆனால் கேட்டிலேயே எங்கள் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். டீ நேரத்தில் ஓடிப்போய் செக்யூரிட்டி அண்ணனிடம் கெஞ்சி ஒரு நிமிடம் பார்ப்பேன். ஜூலையில் ஒரு நாள் காலை டீக்குப் போனபோது இரண்டு மிஸ்டு கால் இருந்தது. அடுத்ததும் இரண்டு. அடுத்ததும் இரண்டு. முதல் அழைப்பு வந்து ஒன்றேகால் மணிநேரம் ஆகியிருந்தது.

சூப்பர்வைசரிடம் கேட் பாஸ் கேட்டேன். "இப்பப் போனீங்கன்னா நாளைக்கு வராதீங்க" என்றார். போனேன். தகரக் கதவின் கீலில் சின்னவனுடைய விரல் மாட்டி நகம் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. என் மகள் ஒரு துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றி, அவனை மடியில் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "நான் சரியாத்தாம்மா கூப்பிட்டேன். ரெண்டு தடவைதான் விட்டேன்."

அவன் விரல் ஆறிவிட்டது. மறுநாள் வேறு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயும் மாமியார் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் சொன்னேன்.

இதில் என்னைத் தூங்கவிடாதது விரல் இல்லை, மகள். பதினெட்டு மாதமாக அவள் படிக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும் நேரத்தில் தம்பிக்குச் சோறு ஊட்டுகிறாள். ஆன்லைன் பாடத்துக்கு வேண்டிய பெரிய போன் அவள் அப்பாவிடம் இருக்கிறது, அவர் சாயப்பட்டறையில் இருக்கிறார். எட்டு வயதில் அவள் ஆயா ஆகிவிட்டாள், கூலி இல்லாத ஆயா. நான் எட்டரைக்கு மிஷின் சத்தத்துக்குள் நுழைவதற்கு அவளுடைய மூன்றாம் வகுப்புதான் விலை. இந்த ஊரில் லைன் வீடுகளின் கதவுகளைத் தட்டிப் பாருங்கள். திறப்பது பெரும்பாலும் எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பெண்பிள்ளைதான், இடுப்பில் ஒரு குழந்தையோடு. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறந்தால் இவள் போவாளா, தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுவாளா? பையன்கள் கதை தனி. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் சும்மாதானே இருக்கிறான் என்று பிசிர் வெட்டவும் கைமடிக்கவும் கூட்டிப்போன வீடுகளை நாம் அறிவோம். அவன் இனி புத்தகத்துக்குத் திரும்புவது எளிதில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பழியையும் கொரோனா மேல் போட்டுவிடுவோமானால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். பள்ளிக்கூடம் நடந்த காலத்திலும் நாலு மணிக்கு மணி அடித்தது. நமக்கு ஷிப்ட் எட்டரைக்குத்தான் முடிந்தது. அந்த நாலரை மணிநேரம் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று நாம் சங்கத்தில் ஒரு தடவையாவது பேசினோமா? கூலியைப் பற்றிப் பேசினோம், பஞ்சப்படியைப் பற்றிப் பேசினோம். பிள்ளை அவரவர் வீட்டு விஷயம் என்று விட்டோம். நானும் அப்படித்தான் விட்டேன்.

வீட்டு விஷயம் இல்லை தோழர்களே, சட்ட விஷயம். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-வது பிரிவைச் சங்கத் தோழர் ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டினார். 30-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்கு ஓர் அறை இருக்க வேண்டும்; காற்றோட்டமும் வெளிச்சமும் சுத்தமும் வேண்டும்; குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுபது வருடத்துக்கு முன்பே எழுதிவைத்த சட்டம் இது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் 1951-ம் ஆண்டுச் சட்டத்திலேயே பிள்ளைக் காப்பகம் எழுதியாயிற்று. மலையில் கொழுந்து கிள்ளுகிறவளுக்கு வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்தது, சமவெளியில் பனியன் தைக்கிறவளுக்கு இன்னும் தெரியவில்லையா?

அதற்கு மேல் 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் இருக்க வேண்டும். கவனியுங்கள், ஐம்பது பெண்கள் என்று அதில் இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஐம்பது. தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும், ஓய்வு நேரமும் அதில் சேரும். வேலையில் சேரும் அன்றே இந்த உரிமைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்களில் எத்தனை பேர் கைக்கு அந்தத் தாள் வந்தது? எனக்கு மூன்று கம்பெனியில் வரவில்லை. மூன்றிலும் எனக்குக் கிடைத்தது "யாரு பாத்துக்குவாங்க" என்ற கேள்விதான்.

இதில் ஓர் அவசரமும் இருக்கிறது. போன வருடம் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றிவிட்டார்கள். அவை நடைமுறைக்கு வரும்போது '30 பெண்கள்' என்ற பழைய கணக்கு போய்விடும். 50 தொழிலாளர் என்ற கணக்குதான் நிற்கும். நாற்பது பேர் வேலை செய்து அதில் முப்பத்தைந்து பேர் பெண்களாக இருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இன்றைக்குக் கேட்க நமக்குப் பிடி இருக்கிறது. நாளைக்கு அந்தப் பிடி இருக்காது.

முதலாளிகள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். எங்கள் பழைய கம்பெனி மேனேஜர் சொன்னதையே சொல்கிறேன்: "கொரோனா நேரத்துல இருவது கொழந்தைங்கள ஒரு ரூம்ல போட்டா பரவாதா?" கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர் வந்து பார்க்கட்டும். பன்னிரண்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணீர்க் குழாய். ஆறேழு பிள்ளைகளைப் பத்துக்குப் பத்து அறையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் வயதான பாட்டி. பாவம், அவரும் என்ன செய்வார், அவருக்கும் இளைப்பு. அங்கே பரவாத நோய் சன்னலும் சோப்பும் ஆயாவும் இருக்கிற அறையில்தான் பரவுமா? நமக்கு ஊசி போட்டாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நடந்த பெரிய முகாமில் கம்பெனி கம்பெனியாகப் போய் நின்றோம். பிள்ளைகளுக்கு இன்னும் ஊசி வரவில்லை. அதனாலேயே அவர்கள் இருக்கும் இடம் சுத்தமாக, காற்றோட்டமாக, ஒரே ஆள் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றும் சொல்வார்கள்: "சின்ன யூனிட், இடமில்லை." சட்டமே அதற்கு வழி சொல்கிறது. தனியாகவோ, மற்றவர்களோடு சேர்ந்து பொதுவாகவோ காப்பகம் வைக்கலாம். ஒரே தெருவில் ஐந்து கம்பெனி இருந்தால் ஐந்தும் சேர்ந்து ஒரு வீடு பிடிக்கட்டும். ஐம்பதுக்குக் கீழே இருக்கிறவர்களும் அதில் சேரட்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்யப் பல சாயப்பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைக்கத் தெரிந்த ஊர் இது. சாயத் தண்ணீருக்குச் சேர முடிந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சேர முடியாதா?

நமக்குள்ளேயே ஒரு பயம் இருக்கிறது. இப்படிக் கேட்டால் பொம்பளைகளை வேலைக்கே எடுக்க மாட்டார்கள் என்று. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் ஒரு ஃப்ளோரைச் சுற்றிப் பாருங்கள். செக்கிங்கில் யார், கைமடியில் யார், பிசிர் வெட்டுவது யார், டெயிலர்களில் எத்தனை பேர் பெண்கள்? ஊரடங்கு நேரத்தில் அவசரம் அவசரமாக முகக்கவசமும் கவச உடையும் தைத்தோமே, அப்போது வேன் அனுப்பி வீட்டு வாசலிலிருந்து நம்மைத்தானே கூட்டிப்போனார்கள்? நாம் இல்லாமல் ஒரு பெட்டிகூடத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகாது. அது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது என்பதற்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். கோழிக்கோட்டுத் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்கள், விஜி என்ற தையல்காரத் தோழரின் முன்னெடுப்பில், உட்காரும் உரிமையைக் கேட்டுப் போராடினார்கள். வருடக் கணக்கில் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. இந்த மாதம் 6-ம் தேதி நம் சட்டமன்றத்திலும் அதே உரிமைக்கு மசோதா வந்திருக்கிறது. நாற்காலி கேட்டவர்களைப் பார்த்து முதலில் ஊர் சிரித்திருக்கும். போன மாதப் பட்ஜெட்டில் அரசு ஊழியப் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக்கினார்கள். மனதார மகிழ்ந்தேன். அந்தச் சகோதரிகள் சங்கமாக நின்று கேட்டே பல உரிமைகளைப் பெற்றார்கள். நம் நிலைமையைப் பாருங்கள். நமக்குக் காய்ச்சல் வந்தால் இஎஸ்ஐயில் 70 சதவீதக் கூலியாவது வரும், வருடத்துக்கு 91 நாள் வரை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூட நமக்குக் கணக்கில் இல்லை. பீஸ் ரேட்டில் இருக்கிறவளுக்கு அன்றைக்குக் கையில் பூஜ்யம்.

இப்போது ஏன் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன் என்றால், 2016-ல் போட்ட கூலி ஒப்பந்தம் 2020 மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஒன்றரை வருடமாகப் பழைய கூலியில் ஓடுகிறோம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. அந்த மேசையில் சதவீதத்தைப் பற்றி மட்டும் பேசி எழுந்துவிட்டால், அடுத்த ஒப்பந்தம் முடிகிறவரை நாலு வருடத்துக்குப் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை. நாலு வருடத்தில் என் மகள் ஏழாம் வகுப்பில் இருக்க வேண்டும். இருப்பாளா என்பது இந்த ஒரு மாதத்தில் நாம் செய்வதைப் பொறுத்தது.

சங்கத் தலைவர்களே, கூலி உயர்வோடு காப்பகத்தையும் கோரிக்கைப் பட்டியலில் மேலே எழுதுங்கள், கடைசிப் பக்கத்தில் வேண்டாம். ஆரம்பப் பள்ளி திறக்கும் வரையாவது சின்னப் பிள்ளைகள் இருக்கிற தாய்க்கும் தகப்பனுக்கும் ஒன்றரை ஷிப்டைக் கட்டாயம் ஆக்கக் கூடாது என்று கேளுங்கள். அவசரத்துக்குப் போக கேட் பாஸ் வேண்டும், போய் வந்தவளுக்கு மறுநாள் வேலை இருக்க வேண்டும். போனைக் கேட்டில் வாங்கி வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். முடியாது என்றால் அழைப்பு வந்தவுடன் ஃப்ளோருக்கு ஆள் அனுப்பிச் சொல்லட்டும். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளும் உட்கார்ந்து படிக்க அந்தக் காப்பகத்தில் ஒரு மூலையும் ஒரு டிவியும் இருக்கட்டும். இவை எதுவும் முதலாளியின் சொத்தைக் கரைத்துவிடாது.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அந்த வரலாற்றை நம் கூட்டத்தில் நீங்கள் சொல்லும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். ஆனால் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் பெண்கள் பத்துப் பேர்கூட இருப்பதில்லை. ஏன் வருவதில்லை என்று கேட்கிறீர்கள். கூட்டம் இரவு ஒன்பதுக்கு. அந்த நேரத்தில் நாங்கள் காலையிலிருந்து பார்க்காத பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் பிள்ளையும்தான் அது. உங்கள் மனைவியும் ஏதோ ஒரு கேட்டில் மாமியார் என்று பொய் சொல்லிக்கொண்டுதான் நிற்கிறாள். இந்தத் தடவை கூட்டத்தைப் பகலில் வைத்திருக்கிறோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை உங்களுக்கு. மேடையில் நாங்கள் பேசுகிறோம். கீழே பாலாற்றுவதும் மூக்கைத் துடைப்பதும் சண்டை விலக்குவதும் நீங்கள் செய்யுங்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை, நம்பித்தான் கேட்கிறேன்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் இருக்கிற தங்கைகளை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்குப் பொய் சொல்லக்கூட இந்த ஊரில் ஒரு பக்கத்து வீட்டுப் பாட்டி இல்லை. பக்கத்தில் மிஷினில் இருக்கிறவளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். தெரிந்த இந்தியில் நாலு வார்த்தை போதும், கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணி, நம் சங்க அலுவலக மாடியில். மேலே கூரை இருக்கிறது, நாலு பக்கமும் திறந்திருக்கிறது, இடைவெளி விட்டு உட்காரலாம். டவுன் பஸ்ஸில் நமக்கு மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை, வருவதற்குக் காசு வேண்டாம். பாய் போட்டிருப்போம், சோப்பும் தண்ணீரும் இருக்கும், பாலும் பன்னும் வாங்கி வைக்கிறோம், மத்தியானம் தக்காளிச் சோறு. முகக்கவசம் போட்டுக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடப் போகிறோம். பெயர், எந்தக் கம்பெனி, எத்தனை பிள்ளைகள், என்ன வயது, வேலை நேரத்தில் அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் 'மாமியார்' என்று எழுதாதீர்கள். 'யாரும் இல்லை' என்றால் அப்படியே எழுதுங்கள். அந்தத் தாளைத்தான் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கப் போகிறோம்.

யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.